மழைக்காலமும் அம்மாவின் படுக்கையும்

யாங்கோனில் மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது. மின்சாரமும் நினைத்த நேரத்துக்குப் போய்விடுகிறது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவுக்கு ஒரே ராத்திரியில் மூன்று விரிப்பு நனைந்தால் என்ன செய்வது? முதல் மாதம் தவித்துப்போனேன்.

பெரிய அளவு டயப்பர்தான் அதிகம் தாங்கும் என்று நினைத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அதுதான் தவறு. தொடையோரம் இடைவெளி இருந்தால் எந்த டயப்பரும் ஒழுகும். இடுப்பை அளந்து வாங்கினேன். கட்டியதும் தொடையோர மடிப்பை விரலால் வெளியே இழுத்துவிடுகிறேன். அது உள்ளே மடங்கிக் கிடந்தால் அந்த வழியாகவே கசியும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டியும் பார்த்தேன், பயனில்லை. உள்ளிருப்பதன் பிளாஸ்டிக் அடிப்பக்கம் ஈரத்தை வெளியே விடாது, பக்கவாட்டில்தான் தள்ளும்.

மெத்தைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் மடித்த பழைய லுங்கி, இடுப்புக்குக் கீழே மட்டும். நனைந்தால் அதை மட்டும் உருவினால் போதும். இரண்டு மணிக்கொரு முறை புரட்டும்போதே தொட்டுப் பார்த்துவிடுகிறேன். துடைத்து உலர்ந்த பிறகு துத்தநாகக் களிம்பு, மெல்லியதாக. அப்பிவிட்டால் டயப்பர் உறிஞ்சாது. தோல் சிவந்து, அழுத்தினாலும் சிவப்பு மறையாவிட்டால் படுக்கைப்புண் தொடங்குகிறது, உடனே மருத்துவரைக் கேளுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். நனையக்கூடாதென்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். அத்தை அன்போடுதான் அப்படிச் சொன்னார், நானும் கேட்டேன். சிறுநீர் அடர்ந்து எரிச்சலும் நாற்றமும் கூடியதுதான் மிச்சம். இப்போது பகலில் தாராளமாகக் கொடுக்கிறேன், படுக்கும்முன் கொஞ்சம் அளவாக.

நேற்று விடியும்வரை லுங்கி நனையவில்லை. அம்மா என் கையைப் பிடித்தபடி தூங்கினார்.