நுவரெலியாவில் ஒரு பெட்டைக் குதிரை

கடந்த திங்கட்கிழமை மாலை என் மகள் கைத்தொலைபேசியை நீட்டிக் காட்டிய விளம்பரத்தில், நுவரெலியாப் பந்தயத் திடலில் சில ஆண்டுகள் ஓடி ஓய்வுபெற்ற ஒன்பது வயதுத் தரோபிரெட் (பந்தயத்துக்கென வளர்க்கப்படும் இனம்) பெட்டைக் குதிரை ஒன்று விற்பனைக்கு என்றிருந்தது. கேட்கப்பட்ட விலை, கொழும்பில் ஒரு குதிரையை வாடகைக் குதிரை லாயத்தில் நான்கு மாதம் வைத்திருக்க நாங்கள் கணக்கிட்டிருக்கும் செலவுக்குச் சமம். சனிக்கிழமை போய்ப் பார்ப்போமா என்று அவள் கேட்டாள். நான் உடனே விடை சொல்லவில்லை.

விலை குறைவாக இருந்தது என்னை அச்சுறுத்தவில்லை. ஓட்டம் முடிந்த பந்தயக் குதிரைகள் மலிவாகக் கைமாறுவது பல நாடுகளிலும் நடப்பதுதான். ஆனால் விலையை ஒருமுறைதான் கொடுக்கிறோம். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள்தோறும் ஏழு முதல் ஒன்பது கிலோ உலர்தீவனமோ, அதைப்போல் பல மடங்கு பச்சைப் புல்லோ வேண்டும், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவி இலாடம் மாற்ற வேண்டும். கொழும்புப் பக்கம் எளிதாகக் கிடைக்கும் கினிப் புல்லில் உள்ள ஒட்சலேற்று என்னும் பொருள் கல்சியத்தைப் பிணைத்துவிடுவதாலும், தவிட்டில் பொசுபரசு மிகுந்திருப்பதாலும், இவ்விரண்டை மட்டுமே நம்பி வளர்க்கப்படும் குதிரையின் எலும்பு காலப்போக்கில் நலிகிறது. ஆகவே கல்சியத்துக்கும் தனியாகச் செலவு உண்டு.

போய்ப் பார்ப்பதும் இலவசமன்று. அவிசாவளை, ஹற்றன் வழியாக ஐந்தாறு மணித்தியாலப் பயணம், ஓர் இரவுத் தங்கல், மிருக வைத்தியரை அழைத்துச் சென்றால் அவருடைய கட்டணம். இவற்றைவிடப் பெரிய செலவு ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன் அறிந்துகொண்டோம். வேறோர் இடத்தில் ஒரு குதிரையைப் பார்க்கச் சென்றபோது, நாங்கள் போய்ச் சேருமுன்பே அது சேணம் பூட்டப்பட்டு வியர்வையில் நனைந்து நின்றது. உடல் சூடேறிய குதிரையில் இலேசான நொண்டல் மறைந்துவிடக்கூடும் என்பது அன்று எனக்குத் தெரியாது. மகள் ஏறி ஓட்டினாள், இறங்கிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், மனத்தளவில் அப்போதே வாங்கிவிட்டோம். மறுநாள் வைத்தியர் அதன் முன்காலை மடித்துப் பிடித்து, விட்டவுடன் நடையோட்டம் ஓடவைத்தபோது, நொண்டலின் அடையாளமாக ஒவ்வோர் எட்டுக்கும் தலை மேலெழுந்து தாழ்ந்தது. திரும்பும் வழி முழுவதும் அவள் பேசவில்லை. குதிரையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கேட்கக்கூடிய அனைத்தையும் கேட்டுவிட வேண்டும் என்பதில் அன்றிலிருந்து நான் உறுதியாக இருக்கிறேன்.

எனவே செவ்வாய்க்கிழமை விற்பவரை அழைத்தேன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் குதிரையின் பல்லைப் பார்த்தே ஆக வேண்டும். மேல்வரிசைக் கடைசி வெட்டுப்பல்லில் ஈறோரமாக ஒரு பள்ளக்கோடு பத்து வயதளவில்தான் தோன்றத் தொடங்கும் என்பதால், அந்தப் பல்லின் படத்தை அனுப்பச் சொன்னேன். அனுப்பினார், கோடு இல்லை, வயது பொருந்தியது. கடினமான வீதியில், தளர்ந்த கயிற்றில், நேராக வரவும் போகவும் நடையோட்டம் ஓடும் காணொளி கேட்டேன். அன்று மாலையே வந்தது, நானும் மகளும் மெதுவாக ஓடவிட்டுப் பலமுறை பார்த்தும் தலையில் அசைவு இல்லை. 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் வாழும் குதிரை கொழும்பின் ஈரப்பதமான வெக்கையில் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடக்கூடும், தரோபிரெட்டுகளில் இது அறியப்பட்ட சிக்கல் என்பதால், மலையை விட்டு என்றாவது இறங்கியதா என்றும் கேட்டேன். இங்கு வந்த பின் இறங்கவில்லை என்றார். எதையும் மழுப்பாமல் பேசும் அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டபோதும் மறைக்காமல் சொன்னார்: இடது முன்காலின் பின்புறத் தசைநார் கடந்த ஆண்டு காயப்பட்டது, நான்கு மாதம் ஓய்வு கொடுத்தபின் ஓட்டம் குறைந்துவிட்டது. காயப்பட்டபோது எடுத்த ஸ்கேன் அறிக்கையையும் அனுப்பினார். அதன்பின் மறுபடி ஸ்கேன் எடுக்கவில்லை.

எங்கள் முடிவு அந்த இடத்தில்தான் நின்றது. அந்தத் தசைநார் ஆற ஒன்பது மாதமோ ஓராண்டோ ஆகும். வலி போய் நடை சீரான பின்பும் உள்ளே நார்கள் சேர்ந்திராமல் இருக்கலாம், அதைக் காணொளி காட்டாது, என் கையும் கண்டுபிடிக்காது. ஆறிய நாரும் முன்போல் நெகிழாது, மீண்டும் கிழியும் வாய்ப்பு உண்டு. தாவிப் பழக விரும்பும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, மறுபடி காயப்பட்டால் ஓராண்டு நிறுத்திவைத்துத் தீனி போட வசதியில்லாத எங்கள் குடும்பத்துக்கு, இது ஏற்ற குதிரை அன்று. பணமிருந்து பொறுமையும் இருக்கும் ஒருவர், மெல்ல நடத்திச் சவாரி செய்ய இதை மகிழ்ச்சியோடு வாங்கலாம்.

வியாழன் இரவு மகளோடு அமர்ந்து அறிக்கையை வரி வரியாகப் படித்தேன். அவள் அழுதாள். பிறகு அவளே விற்பவரை அழைத்து, தாங்கள் வரவில்லை என்றும், அடுத்ததாகக் கேட்பவர்களுக்காக ஒரு புதிய ஸ்கேன் எடுத்துவைக்கும்படியும் சொன்னாள். “எடுக்கிறேன் பிள்ளை” என்றார் அவர்.