யார்கிட்ட மேஜிக் கத்துக்கறது?

நான் சொல்றது மேடையில முயல் எடுக்கற மேஜிக் இல்ல, குரோலிங்கற ஆங்கிலேய மந்திரவாதி Magic-ங்கற வார்த்தைக்குக் கடைசியில ஒரு கே சேர்த்து எழுதினாரே அந்த மேற்கத்திய சடங்கு மரபு. இதுல புதுசா வர்றவங்க மாட்டிக்கறது மந்திரத்துல இல்ல, வாத்தியார்கிட்டதான், நானும் அப்படி மாட்டினவன்.

முதல் டீச்சர் ஆன்லைன்ல கிடைச்சவர். தினமும் பென்டகிராம் சடங்கு, அதாவது காத்துல அஞ்சுமுனை நட்சத்திரம் வரையற சடங்கு, பண்ணச் சொன்னார், ரெண்டு மாசம் நல்லாதான் போச்சு. ஒருநாள் ராத்திரி தூக்கம் சரியா வரலன்னு சொன்னேன், உடனே உன்மேல ஏதோ ஒண்ணு ஒட்டியிருக்கு, அதை எடுக்க 300 பவுண்டு ஆகும், யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத, விட்டா அது பலமாயிடும்னார். கட்டிட்டேன். பணம் போனதுகூட பரவால்ல, அடுத்த நாலு மாசம் லைட்டை அணைக்காமதான் படுத்தேன், அந்தப் பயத்தை அவர்தான் எனக்குள்ள வச்சாருன்னு புரியவே ரொம்ப நாளாச்சு.

அப்புறம்தான் ஹோரோஸ்ங்கற ஏமாத்துக்கார ஜோடியோட கேஸைப் பத்திப் படிச்சேன். 1888ல லண்டன்ல கோல்டன் டான்ங்கற ரகசிய மந்திர சங்கத்தை ஆரம்பிச்சவங்கள்ல மேத்தர்ஸ் ஒருத்தர், இந்த விஷயத்துல பழம் தின்னு கொட்டை போட்டவர். அந்தச் சங்கத்துக்கு அனுமதி குடுத்ததா சொன்னதே ஸ்ப்ரெங்கல்னு ஒரு ஜெர்மன் அம்மாவைத்தான், அவங்களை மேத்தர்ஸ் நேர்ல பார்த்ததே கிடையாது, எல்லாம் வெறும் லெட்டர். 1900ல பாரிஸ்ல ஒருத்தி வந்து நான்தான் ஸ்ப்ரெங்கல்ங்கறா, நம்பிட்டாரு! சடங்கு கையெழுத்துப் பிரதிகளை வாங்கிட்டுப் போயிட்டா. அவளும் தியோ ஹோரோஸ்ங்கற அவ புருஷனும் லண்டன்ல கல்யாண விளம்பரம் குடுத்து இளம்பெண்களை வரவழைச்சு சீரழிச்சாங்க, 1901 டிசம்பர்ல ஓல்டு பெய்லி கோர்ட்டுல அவனுக்கு 15 வருஷம், அவளுக்கு 7 வருஷம். மேத்தர்ஸுக்கே இந்த கதின்னா நமக்கு? யாரும் சரிபார்க்க முடியாத ஒரு பேரை வச்சுதான் மொத்தமும் நடந்துச்சு.

அதனால இது என்கிட்ட மட்டும்தான் இருக்கும்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. அந்த சங்கத்தோட சடங்குகளை ரெகார்டிங்கற எழுத்தாளர் 1937லருந்து 1940க்குள்ள நாலு வால்யூமா அச்சுல போட்டுட்டாரு, ரகசியம்னு விக்க அங்க பெருசா ஒண்ணும் மிச்சமில்ல. டீச்சர் நமக்கு வேணும்னா அது வேற வேலைக்கு, நாம பண்றதைப் பார்த்துத் திருத்த. குரோலி ஆரம்பிச்ச வேற ஒரு சங்கத்துல சொல்லிக் குடுக்க காசு வாங்கக் கூடாதுன்னு விதி, ஒவ்வொருத்தரும் தான் பண்ற சடங்கைப் பத்தி டைரி எழுதியே ஆகணும், ரெண்டுமே நல்ல விதி, ஆனா குரோலியை நம்பிப் போய் நொந்தவங்களும் நிறைய பேர், விதியைப் பார்த்து ஆளை எடை போட முடியாது.

இப்ப எனக்கு சொல்லித் தர்ற அம்மா முதல்ல கேட்டதே நீ ஏதாவது மாத்திரை சாப்பிடறியா, தூக்கம் எப்படின்னுதான். பழைய கதையைச் சொன்னதும் ரெண்டு வாரம் எல்லா சடங்கையும் நிறுத்து, காபியைக் குறை, டாக்டரைப் பாருன்னாங்க. என் டைரியைப் படிச்சுட்டு, இது நீ பார்த்தது இல்லப்பா, பார்க்க ஆசைப்பட்டதுன்னாங்க, சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா உண்மை. தன்னோட டீச்சர் யாருன்னு பேர் சொன்னாங்க. இந்த அம்மாகிட்ட படிச்சுட்டு பாதியில விட்டுப் போன ஒருத்தரோட நம்பரையும் கேட்டேன், தயங்காம குடுத்தாங்க. அவருக்குப் போன் போட்டேன். எனக்கு ஒத்து வரல, வந்துட்டேன், இப்பவும் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கார்டு அனுப்புவாங்கன்னார். அடுத்த நாளே போய்ச் சேர்ந்துட்டேன்.