கண்ணு டெஸ்ட் பண்ற வண்டியில குடித்தனம்

கட்டில், அடுப்பு எல்லாம் வச்ச என் வேன ரோட்டோரமா நிறுத்துனா வர்ற முதல் கேள்வியே "உள்ள எந்த ஹீரோ சார்?" தான். சென்னையில கேரவன்னா ஷூட்டிங் வண்டி, வேற அர்த்தமே கிடையாது. சாலிகிராமத்துல ஒரு நாள் டீ குடிக்க ஓரங்கட்டினேன், பத்து நிமிஷத்துல நாலு பசங்க போனோட ரெடியா நிக்கிறானுங்க, கதவத் திறந்தா லுங்கியோட நான் இறங்குறேன். அந்த மூஞ்சிங்கள பாத்திருக்கணும் நீங்க.

என்னோடது 2002 மாடல் டெம்போ டிராவலர். ஃபோர்ஸ் மோட்டார்ஸ்னு 2005-ல பேர் மாத்துறதுக்கு முன்னாடி, பஜாஜ் டெம்போவா இருந்த காலத்து வண்டி. பாடி டிசைன் ஜெர்மனியில 1977-ல வந்த மெர்சிடிஸ் டி1 வேன், இஞ்சின் ஓஎம் 616, அந்தக் காலத்து 240டி கார்ல இருந்த அதே 2.4 லிட்டர் டீசல் குடும்பம். அதனால நான் பென்ஸ் வச்சிருக்கேன்னு சொன்னா முழுப் பொய் இல்ல, என் மச்சான் தான் ஒத்துக்க மாட்டேங்குறான். இதே இஞ்சின் பழைய ட்ராக்ஸ் ஜீப்லயும் ஓடினதால புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைங்கள்ல போயி கேட்டா பார்ட்ஸ் எப்படியும் கிடைச்சுடும், இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு காலையில வாங்கன்னு சொல்லி எங்கிருந்தோ எடுத்துட்டு வந்துடுவாங்க.

2019-ல வாங்கினேன். ஒரு டிரஸ்ட் ஊர் ஊரா கண் பரிசோதனை முகாம் போட வச்சிருந்த வண்டி, உள்ள ஏற்கனவே ஒரு அலமாரி, கை கழுவ ஒரு பேசின், பின்னாடி சுவத்துல மேல பெரிய எழுத்துல ஆரம்பிச்சு கீழ வர வர எறும்பு சைஸ் ஆகுற தமிழ் எழுத்து சார்ட். எல்லாத்தையும் பிரிச்சு மேஞ்சும் அந்த சார்ட்ட மட்டும் கழட்டல. பொண்ணு படுத்துக்கிட்டே கடைசி வரி வரைக்கும் படிப்பா, நான் நாலாவது வரியிலயே நின்னுடுவேன்.

அந்த வருஷம் ஜனவரியில தான் கம்பெனி கொடுத்த ஸ்பெசிஃபிகேஷன தாண்டி வண்டிய மாத்தக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்திருந்துச்சு, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. இந்த வண்டிக்கு மாத்தினதெல்லாம் முன்னாடியே ஆர்சி-ல ஏறியிருந்துச்சு, அதனால தப்பிச்சேன். பழைய வண்டி வாங்கி வீடு கட்டுறேன்னு யாராவது கிளம்பினா முதல்ல ஆர்சி-ய பாருங்க, அப்புறம் டயர உதைச்சுப் பாக்கலாம்.

என் முதல் தப்பு என்னன்னா மெக்கானிக்க பாக்குறதுக்கு முன்னாடி ஆசாரிய பாத்தது. அவர் நல்ல வேலைக்காரர், மடிப்பாக்கத்துல எங்க ஏரியாவுல பாதி வீட்டு கிச்சன் அவர் கை வேலை தான், "சார், இருபது வருஷத்துக்கு அசையாது"ன்னு சொல்லி 19 எம்எம் வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்ல கட்டில், கபோர்டு, மேடை எல்லாம் போட்டுக் கொடுத்தார். எனக்கும் அப்ப பெருமையா தான் இருந்துச்சு. எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணு முப்பத்தஞ்சு கிலோவுக்குக் குறையாது, ஒன்பது ஷீட் உள்ள போயிருக்கு. அதுக்கு மேல வீட்டு இன்வெர்ட்டர்ல இருந்து எடுத்த 150 ஏஹெச் பேட்டரி, நூறு லிட்டர் தண்ணி டேங்க், அதுல தண்ணி மட்டுமே நூறு கிலோ, வீட்டுக்கு வர்ற 14.2 கிலோ சிலிண்டர், இரும்போட சேர்த்தா முப்பது கிலோ கிட்ட, இதெல்லாம் பத்தாதுன்னு சமையல் மேடைக்கு கிரானைட் வேற போட்டேன். கிரானைட்! இப்ப நினைச்சா எனக்கே சிரிப்பு வருது.

அசையாதுன்னு அவர் சொன்னாரு பாருங்க, வீட்டுக்கு அது சரி. வண்டி அசையணும்ல. ஜிஎஸ்டி ரோட்டுல நாலு தடவ போயிட்டு வந்ததுக்கே ஸ்க்ரூ எல்லாம் தானா சுத்திக்கிட்டு வெளிய வந்துடுச்சு, வளைவுல டிராயர் தானா திறந்து தட்டெல்லாம் பறக்குது, இன்வெர்ட்டர் பேட்டரியில இருந்து ஆசிட் தளும்பி தரை தகரத்துல பொட்டு பொட்டா துரு. பாடி ஏரியாவுல இருக்குற மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டு போனேன், அவர் வண்டிய தொடவே இல்ல, பின்னாடி போயி தள்ளி நின்னு ஒரு நிமிஷம் பாத்தார். "தம்பி, வண்டி உக்காந்துடுச்சு பாரு. ஸ்பிரிங் பட்டையெல்லாம் நேரா போயிடுச்சு, வளைவே இல்ல." அப்புறம் கதவத் திறந்து உள்ள எட்டிப் பாத்துட்டு, "உள்ள என்னப்பா, கல்யாண மண்டபமா கட்டியிருக்க?"

ஆசாரிகிட்ட போயி சொன்னா அவர் ரோடு சரியில்லன்னார். ரெண்டு பேருக்கும் நடுவுல நான்.

கடைசியில அண்ணன் தான் வே பிரிட்ஜுக்குப் போயி எடை போட்டுட்டு வான்னார். டேங்க் ஃபுல் பண்ணி, டீசல் ஃபுல் பண்ணி, குடும்பத்தோட ஏத்திட்டுப் போனேன், அம்மா "என்னை எதுக்குடா எடை போடுற"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க. ஆர்சி-ல இருக்குற மொத்த எடைக்கு மேல 260 கிலோ. அந்த எடைச் சீட்ட இன்னும் டேஷ்போர்டுல வச்சிருக்கேன்.

அதுக்குள்ள ஏலகிரி ஒரு தடவ போயி அவமானப்பட்டு வந்தாச்சு. அந்த மலையில பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் புலவர்கள் பேரும் கடையெழு வள்ளல்கள் பேரும் வச்சிருக்காங்க. பாதி ஏறுறதுக்குள்ள டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு, ஓரங்கட்டி, இஞ்சின ஐடில்ல விட்டு, ஹீட் குறையுற வரைக்கும் முக்கால் மணி நேரம். முல்லைக்குத் தேர் கொடுத்தவன், மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் பேரெல்லாம் போர்டுல இருக்கு, எனக்கு ஒரு குடம் தண்ணி கொடுக்க ஆள் இல்ல. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய திறக்காதீங்க, அவசரத்துல திறந்து முகம் வெந்து போன டிரைவர் ஒருத்தர எனக்குத் தெரியும்.

ஊருக்கு வந்து ரேடியேட்டர கழட்டினா பாதிக் குழாய் அடைப்பு, புதுப்பேட்டையில பிரிச்சு கம்பி விட்டு எடுத்தாங்க. தெர்மோஸ்டாட் வால்வே இல்ல, முன்னாடி யாரோ கழட்டிப் போட்டிருக்காங்க. நம்ம ஊர் சூட்டுக்கு அது எதுக்குன்னு நிறைய மெக்கானிக்குங்க தூக்கிப் போட்டுடறாங்க, எனக்கு அது பிடிக்காது, இஞ்சினுக்கு ஒரு சூடு தேவைன்னு தானே அதை வச்சிருக்கான். புதுசு போட்டேன். பட்டை செட்டு மாத்தினோம், கிளட்ச் பிளேட், பின் வீல் சிலிண்டர், லைனர். ஆனா உண்மையான வேலை உள்ள தான் நடந்துச்சு: ஆறு ஷீட் பிளைவுட்ட பிடுங்கிட்டு அலுமினிய சதுர பைப்புல ஃப்ரேம், மேல கனமில்லாத அலுமினிய ஏசிபி ஷீட், ஸ்க்ரூவுக்கு பதிலா ரிவிட். இன்வெர்ட்டர் பேட்டரி போயி 100 ஏஹெச் லித்தியம் பேட்டரி, பன்னெண்டு கிலோ தான், ஒரு கையில தூக்கிட்டு வரலாம். சிலிண்டர் அஞ்சு கிலோ சின்னது. கேஸ் காத்த விட கனம், லீக் ஆனா தரையில தான் தேங்கும், அதனால சிலிண்டர் இருக்குற மூலையில தரையில ஓட்டை போட்டு வலை அடிச்சிருக்கேன். ஜன்னல் திறந்திருக்குன்னு நம்பி தூங்காதீங்க. கிரானைட்ட எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணன் வாங்கிக்கிட்டார், ரெண்டு ஹாலோ பிளாக் மேல வச்சு தினம் அதுல தான் உக்காந்து பேப்பர் படிக்கிறார்.

ஆசாரி வந்து பாத்துட்டு "தகர டப்பா மாதிரி இருக்கே சார்"ன்னார். சரின்னு சொல்லிட்டேன், என்ன பண்றது.

2022 டிசம்பர்ல திரும்ப ஏலகிரி. பதினாலு வளைவும் செகண்ட் கியர்ல, சில இடத்துல ஃபர்ஸ்ட்ல, முள்ளு நடுவுல இருந்து நகரல. பின்னாடி வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடிச்சே என்னைக் கொன்னுட்டார், அது வேற கதை. மேல போயி சாம்பார் வச்சு சாப்பிட்டு நிம்மதியா தூங்கினோம். காலையில ஆறு மணிக்கு சாவி போட்டா செல்ஃப் சுத்துது, சுத்துது, வெள்ளப் புகை தான் வருது, இஞ்சின் பிடிக்கல. இந்த டைப் இஞ்சினுக்கு ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஹீட்டர் பிளக் உள்ள சூடு பண்ணிக் கொடுக்கணும். கழட்டிப் பாத்தா நாலுல மூணு செத்துப் போயிருக்கு, எப்ப செத்துச்சுன்னே தெரியாது, ஏன்னா சென்னையில குளிருன்னு ஒண்ணு இருந்தா தானே அது தெரியும்! காலையில கொஞ்சம் நேரம் செல்ஃப் அடிக்கணும், பேட்டரி வீக் போலன்னு வருஷக்கணக்கா நினைச்சிட்டு இருந்தேன். அப்புறம் பக்கத்து ரிசார்ட் பசங்க நாலு பேர் வந்து இறக்கத்துல தள்ளி, செகண்ட்ல கிளட்ச் விட்டு ஸ்டார்ட் பண்ணினோம். அதுல இருந்து மலையில எங்க நிறுத்துனாலும் வண்டி மூக்கு இறக்கத்த பாத்து தான். இறங்கும்போது இஞ்சின ஆஃப் பண்ணி டீசல் மிச்சம் பிடிக்கிற பெரிய மனுஷங்க இருக்காங்க, பிரேக் பூஸ்டருக்கு வேக்யூம் இஞ்சின்ல இருந்து தான் வருது, தயவு செஞ்சு பண்ணாதீங்க. ஏறின கியர்லயே இறங்குங்க.

அப்புறம் மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 3, ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வண்டிய வேளச்சேரி பாலத்து மேல கொண்டு போயி நிறுத்திட்டேன், எனக்கு முன்னாடியே அங்க கார் வரிசை. மறுநாள் முழுக்க மழை, மடிப்பாக்கத்துல எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, கரண்ட் போச்சு. அஞ்சாம் தேதி மழை விட்டதும் முழங்கால் தண்ணியில நடந்து அம்மாவையும் பொண்ணையும் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். லைட் எரியுது, ஃபேன் ஓடுது, அடுப்பு பத்துது, ராஜா வாழ்க்கைன்னு கட்டில்ல உக்காந்தா சொத சொதன்னு ஈரம். நாங்க காஃபி போடுற வாசனைக்கு வந்தாங்களா சார்ஜருக்கு வந்தாங்களான்னு தெரியல, ராத்திரி எட்டு மணிக்குள்ள இருபது போன் அந்த லித்தியம் பேட்டரியில தொங்கிட்டு இருந்துச்சு. அம்மா எல்லாருக்கும் உப்புமா கிண்டினாங்க. நான் ஈர மெத்தைய திருப்பிப் போட்டு அதுலயே படுத்தேன்.

கூரையில ஃபேனுக்கு வெட்டின ஓட்டையில தான் லீக். ஆனா தண்ணி அங்க சொட்டாது, கூரைத் தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவுல ஆறடி ஓடி கட்டில் மேல தான் வந்து விழும், கண்டுபிடிக்க மூணு மாசம் ஆச்சு. நான் முதல்ல சிலிக்கான் அடிச்சிருந்தேன், அது ஒரு வருஷ வெயிலுக்கே ஓரத்துல உரிஞ்சுடுச்சு, அதுக்கு மேல வேற எதுவும் ஒட்டவும் மாட்டேங்குது, பிளேடால சுரண்டி சுரண்டி கை வலி தான் மிச்சம். இப்ப கண்ணாடி ஒட்டுறவங்க யூஸ் பண்ற பியூ சீலன்ட் போட்டிருக்கேன்.

போன வாரம் பாத்தா பின்பக்கம் புதுசா ஈரம், கண் சார்ட்டுக்குப் பின்னாடி. அதைக் கழட்டாம வேலை நடக்காது, பொண்ணு கழட்ட விட மாட்டேங்குறா. கடைசி ரெண்டு வரி ஊறிப் போயி எழுத்து கலங்கிடுச்சு, இப்ப அவளும் ஆறாவது வரியில நின்னுடறா.