மண்டபத்தில் வீடு கட்ட ஆள் பிடித்த கதை

எங்கள் மனை ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், கடலுக்குக் கால் மணி நேர நடை. வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். அதனால் கான்ட்ராக்டரைத் தேடுவது, பேசுவது, பேரம் முடிப்பது எல்லாம் என் பொறுப்பு. துணைக்கு மாமனார். கடல் நீர் ஏறி வரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் மனை இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி குறுக்கே வரும். நாங்கள் அதற்கு வெளியே என்பதால் பிளான் அப்ரூவலில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் உப்புக்காற்றில்தான்.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் துருவை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. இரும்பு எவ்வளவு சீக்கிரம் கெடும் என்று பார்க்க விஞ்ஞானிகள் தேடி வந்த ஊரில்தான் நாம் கம்பி கட்டி வீடு கட்டுகிறோம். இதை மனதில் வைத்துத்தான் ஆள் தேடினேன்.

யாரைக் கேட்டாலும் தான் கட்டிய வீட்டைக் காட்டுகிறேன் என்பார். கூட்டிப் போவது போன வருஷம் பால் காய்ச்சிய வீட்டுக்கு. புது வீடு எதுதான் அழகாக இல்லை? நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "நீங்க கட்டி எட்டு, பத்து வருஷம் ஆன வீடு கடலோரமா இருந்தா காட்டுங்க." மதுரையிலிருந்து வந்த கம்பெனிக்காரர் கம்ப்யூட்டரில் வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார், மாமனாருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பழைய வீடு கேட்டதும், "கம்பெனி ஆரம்பிச்சே நாலு வருஷம்தான் மேடம்" என்றார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் எனக்குச் சரிப்படாது.

உள்ளூர் மேஸ்திரி ஒருவர் தயங்காமல் கூட்டிப் போனார். ஹாலில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. நான் வெளியே போய் ஜன்னலுக்கு மேலே சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். கம்பி போன வழியெல்லாம் பழுப்புக் கோடு, ஓரத்தில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிந்தது. தட்டினால் பொக்கென்று சத்தம். "வருஷா வருஷம் பூசுறோம் தாயி, நிக்க மாட்டேங்குது" என்றார் வீட்டுக்கார அம்மா. எப்படி நிற்கும்? உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டு, துரு ஏறிக் கம்பி பருத்து, காங்கிரீட்டைத் தள்ளுகிறது. மேலே பூசினால் அடுத்த மழைக்கு அதுவும் சேர்ந்து விழும்.

ராமநாதபுரத்து இன்ஜினியர் ஒருவர் வந்தார். மனையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணிக்கு என்ன பண்ணப் போறீங்க அக்கா?" மற்றவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு விடும் தண்ணீரில் குளோரைடு, அதாவது உப்பிலிருக்கிற கம்பியை அரிக்கும் பொருள், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. எங்களுடையது ஆயிரத்தைத் தாண்டியது.

இதை மேஸ்திரியிடம் சொன்னபோது, "கலக்குறதுக்கு வேணா லாரித் தண்ணி வாங்கிக்குவோம், நனைக்கிறதுக்குப் போர் தண்ணி போதும்" என்றார். இன்ஜினியர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஈரக் காங்கிரீட்டின் மேல் தினமும் உப்புத்தண்ணீரை ஊற்றினால் உப்பை நாமே உள்ளே அனுப்புகிற மாதிரிதானே? கலக்கவும் நனைக்கவும் நல்ல தண்ணீர்தான் என்று எழுதியே கொடுத்தார்.

அடுத்தது கவர். கம்பிக்கும் காங்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் நடுவே விடும் கனம். மேஸ்திரி ஓர் இஞ்ச் போதும் என்றார். அவர் வேலை நடக்கும் இன்னொரு இடத்தில் போய்ப் பார்த்தேன், தளத்துக் கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆள் மிதித்தால் ஜல்லி உருண்டு ஓடும், கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும். கடலோரத்தில் வெளியே தெரிகிற பில்லர், பீம், சன்ஷேடுக்கு 45 மில்லிமீட்டர் வேண்டும், உள்ளே உப்புக்காற்றுப் படாத இடத்துக்கு 30 என்றார் இன்ஜினியர். பையிலிருந்து அந்த அளவுக்கு வார்த்த கவர் பிளாக் ஒன்றை எடுத்துக் காட்டினார். நடுவில் கட்டுக்கம்பி நீட்டிக்கொண்டிருந்தது, கம்பியோடு முறுக்கிக் கட்ட. நான் ஸ்கேல் வைத்து அளந்தேன். சிரித்தாரே தவிர கோபப்படவில்லை. என் மனசு அங்கேயே பாதி முடிவாகிவிட்டது.

காங்கிரீட்டும் அப்படித்தான். சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற வழக்கமான கலவையின் வலுவுக்கு எம்20 என்று பெயர். இந்தக் காற்றுக்கு அதைவிட வலுவான எம்30 வேண்டும், அதைச் சட்டியில் எண்ணிக் கொட்ட முடியாது, எது எவ்வளவு என்று சோதித்துச் சொல்லும் மிக்ஸ் டிசைனை லேபில் வாங்க வேண்டும். சிமெண்டில், சாம்பல் போன்ற பொருள் கலந்து வரும் பி.பி.சி. போடலாம், உப்பை ஓரளவு தாங்கும், ஆனால் பத்து நாளாவது குறையாமல் நனைக்க வேண்டும்.

ரேட்டில்தான் வீட்டில் சண்டை வந்தது. மேஸ்திரி சதுரடிக்கு 2,150, இன்ஜினியர் 2,450. மாமனார், "ஊர்க்காரனை விட்டுட்டு டவுன்காரனுக்கு அள்ளிக் குடுக்கணுமா?" என்று ஒரே பிடியாக நின்றார். இரண்டு எஸ்டிமேட்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்துக் காட்டினேன். மேஸ்திரி கணக்கில் செப்டிக் டேங்க் இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை, காம்பவுண்டு இல்லை, பேஸ்மட்டத்துக்கு மண் நிரப்புவது தனி. மொட்டைமாடிப் படிக்கு மேலே வரும் அறையைச் சதுரடியில் சேர்த்திருந்தார், அது வேறு. எல்லாம் கூட்டினால் வித்தியாசம் கொஞ்சம்தான். மாமனார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு டீ கேட்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சொந்த மனையில் இப்படி ஒரு வீடு கட்டக் கொடுப்பது, வீடு கட்டி விற்பவர்களைக் கட்டுப்படுத்தும் ரெரா சட்டத்தின் பதிவுக்குள் வராது. நமக்குப் பாதுகாப்பு நாம் போடும் ஒப்பந்தம்தான். பத்திரத்தாளில் போட்டோம். கம்பி பிராண்டு, கவர் அளவு, தண்ணீர், எம்-சாண்ட், எது எப்போது முடிந்தால் எவ்வளவு பணம், எல்லாம் அதில் இருக்கிறது. கம்பி கட்டி முடித்ததும் எனக்குப் போன் வர வேண்டும், நான் பார்த்து வீட்டுக்காரருக்குப் படம் அனுப்பிய பிறகே காங்கிரீட். கொத்தனார்களுக்கு இது முதலில் பிடிக்கவில்லை, இப்போது "அக்கா வந்து அளக்கட்டும்" என்று அவர்களே நிறுத்தி வைக்கிறார்கள்.

பணத்தில் கடைசி 5 சதவீதம்தான் இழுபறியானது. ஒரு வடகிழக்குப் பருவமழை முழுசாக அடித்து ஓய்ந்து, எங்கும் ஒழுகவில்லை என்று பார்த்த பிறகே தருவேன் என்றேன். இன்ஜினியர் தீபாவளிக்கே கேட்டார். பொங்கலுக்கு என்று முடிந்தது.