கயிற்றைப் பிடித்தால்தான் வரும்

பாடசாலை மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது பரிசளிப்பு விழாவோ விளையாட்டுப் போட்டியோ அல்ல; என் தமிழ்க் கொப்பியில் விழுந்த ஒரு சிவப்புக் கோடு.

1979ஆம் ஆண்டு. நாட்டார் பாடல் பாடம் முடிந்ததும் தமிழாசிரியர், ஆளுக்கொரு பாடலை ஊரில் கேட்டு எழுதி வரச் சொன்னார். நகரத்துப் பிள்ளைகள் தாலாட்டும் ஊஞ்சல் பாட்டும் கொண்டு வந்தார்கள். பாதிப் பேர் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு இன்றும் தீரவில்லை.

நான் திருகோணமலைக் கடற்கரையிலுள்ள திருக்கடலூரான். மாமா கரைவலை இழுப்பவர். கொப்பியோடு திண்ணையில் அவர் முன்னால் உட்கார்ந்து, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைச் சொல்லுங்கள் என்றேன். முதலடி சொன்னார்; இரண்டாமடியில் தடுமாறினார். "இருந்து சொன்னால் வராதடா. கயிற்றைப் பிடித்தால்தான் வரும்."

மறுநாள் விடியப்புறம் கரைக்குப் போய் நானும் கயிற்றைப் பிடித்தேன். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்குவார்கள். அந்த வாங்கலில் வலை ஒரு முழம் நகரும். மீன் சேரும் வலைப்பையான மடி தொலைவில் இருக்கும்போது பாட்டு நீண்டு நெளியும். கரையை நெருங்க நெருங்க அடி குறுகி, கடைசியில் வெறும் மூச்சாகிவிடும். யாப்பிலக்கணத்தில் எனக்கு என்றுமே தேர்ச்சி கிடையாது. ஆனால் சீர் என்றால் என்னவென்று அன்று உள்ளங்கை அறிந்துகொண்டது.

பாட்டில் திருகோணமலைச் சாமி கோணேசர் வந்தார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கஞ்சத்தனம் வந்தது. நடுவில், யாரும் எதிர்பாராமல், சுராங்கனியும் வந்தாள். ஏ. ஈ. மனோகரனின் அந்தப் பொப்பிசைப் பாட்டு அப்போது கலியாண வீட்டு ஒலிபெருக்கிகளில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்தேன் என்று சிங்களத்தில் சொல்லும் பாட்டு. மீன் படாத நாளில் கயிறு இழுப்பவன் அதைச் சும்மா விடுவானா? சுராங்கனிக்கு வெறும் மடி வந்தது என்று, சம்மாட்டியின் காதில் விழும்படி பாடினார்கள்.

கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். சுராங்கனி வரியின் மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில், "இது நாட்டார் பாடல் ஆகாது."

ஆசிரியர் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் அந்தக் கோடு பிழை. அந்த வரியை ஆக்கியவன் பெயர் ஒருவருக்கும் தெரியாது, கூட்டமாகப் பாடினார்கள், வேலைக்காகப் பாடினார்கள். நாட்டார் பாடலுக்கு வேறென்ன வேண்டும்? அந்தப் பாட்டின் தாளம், பைலா என்னும் இலங்கை ஆட்ட இசையின் தாளம், போர்த்துக்கேயர் வழியாக வந்தது. கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லில் கோட்டை கட்டியவர்களும் அவர்கள்தாம். இடித்தவன் தாளமும் இடிபட்ட கோயிலின் சாமியும் ஒரே கயிற்றில் வந்ததைக் கரையில் எவரும் பொருட்படுத்தவில்லை.

பாடசாலையில் நாங்கள் பாடிய சம்பந்தர் பதிகத்திலும் இந்தக் கடல்தான்: "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே." கொழிக்கும் என்பதற்கு ஆசிரியர் சொன்ன பொருள் எனக்குப் பிடிபடவில்லை. வீட்டில் அம்மம்மாவிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கையிலிருந்த சுளகை இரண்டு முறை ஆட்டிக் காட்டினார். குருணை ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம்.

அந்தக் கொப்பி பின்னாளைய இடப்பெயர்வில் போயிற்று. பாட்டும் மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன தை மாதம் இங்கே ரொறன்ரோவில், பனியில் புதைந்த அயலவரின் காரை நாலு பேர் கயிறு கட்டி இழுத்தோம். என்னையறியாமல் 'ஏலேலோ' என்றேன். கூட இழுத்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சரியான இடத்தில் இழுத்தார்கள். திண்ணையில் மாமா தடுமாறிய இரண்டாமடி முழுதாக வாய்க்கு வந்தது. மூன்றாமடி வருவதற்குள் கார் வெளியே வந்துவிட்டது.