பேச வரும், பேசமாட்டார்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மே பிறந்தால் மாங்கூழ் ஆலைகளுக்குத் தூக்கம் கிடையாது. காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும். ஜூலை வரைக்கும் இதே கதைதான். அப்படி ஓர் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். பாய்லர், பல்ப்பர், கழுவும் தொட்டியின் பம்பு எல்லாம் சேர்ந்து போடும் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவர் சொல்வதுகூடப் பாதிதான் காதில் விழும். அந்த இரைச்சலுக்குள் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு முழு வாக்கியமாகப் பேசிக்கொள்ள முடிந்தவர்கள் எங்கள் ஆலையில் மூன்றே பேர். மூவருக்கும் காது கேட்காது.

மூவரில் ஒரு தம்பி டிரம் நிரப்பும் பகுதியில் இருக்கிறார். 215 கிலோ கூழ் பிடிக்கும் பையை டிரம்முக்குள் விரித்து, நிரப்பி, மூடி, சீல் வைக்கும் வேலை. இவருக்குப் பேச்சும் வரும். சின்ன வயதில் பேச்சுப் பயிற்சிப் பள்ளியில் படித்தவர். டீச்சரின் தொண்டையில் கை வைத்து அதிர்வைப் பார்ப்பது, வாய்க்கு முன்னால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அது ஆடும்படி 'ப' சொல்லிப் பழகுவது என்று வருடக்கணக்கில் பழக்கியிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்க்க வந்த அவர் அம்மா பெருமையாக, "என் பையன் நல்லா பேசுவாங்க சார்" என்று ஆபீசில் சொல்லிவிட்டுப் போனார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஏனென்றால் அவர் பேசமாட்டார். சைகைதான். சைகை தெரியாதவரிடம் போனில் தட்டிக் காட்டுவார். "ஏம்பா, உனக்குத்தான் பேச வருமே, வாயைத் திறந்து சொன்னா என்ன?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். திமிர் என்றுகூட ஒருவர் சொன்னார்.

காரணத்தை அவர் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார், பாதி சைகையில், பாதி போனில் எழுதி. தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் ஒரு வார்த்தை சொன்னால் நாலு சீட்டு தாண்டித் திரும்பிப் பார்க்கிறார்கள், யாராவது சிரிக்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறார். அவரைச் சலிக்கவைத்தது வேறு. அவர் வாயைத் திறந்து ஒரு வரி சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் 'இவருக்குக் கேட்கும்போல' என்று முடிவு செய்து, பத்து வரியை மடமடவென்று திருப்பிச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். பேசத் தெரிந்ததற்கான தண்டனை அது. அதுவே கையை அசைத்தால் எதிராளி அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார். நின்று, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் புரியவைக்கப் பார்க்கிறார். இதை யோசித்துத் தேர்ந்தெடுத்த ஒருவரைத் திமிர் பிடித்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள் என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'மூட்டை' என்று சொல்லுங்கள், அப்புறம் 'பூட்டை' என்று சொல்லுங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். ஸ்டோரில் 'மூட்டை எடுத்துட்டு வா' என்றதற்கு இவர் பூட்டைக் கொண்டுவந்து நின்றது இப்படித்தான். சொன்னான், சொன்னாள், சொன்னார் என்று நம் தமிழ் வினைச்சொல்லின் வாலில் இருக்கும் சங்கதியெல்லாம் வாய்க்குள்ளேயே முடிந்துவிடுகிறது, வெளியே தெரிவதில்லை. போதாக்குறைக்கு உணவுத் தொழிற்சாலை என்பதால் எல்லோரும் மாஸ்க் போட்டிருக்கிறோம். காது மெஷின் இருக்கிறதே என்பார்கள். அது பேச்சை மட்டும் பெரிதாக்குவதில்லை, பாய்லரையும் சேர்த்துப் பெரிதாக்கும். கேட்டுக்குள் நுழைந்ததும் கழற்றிப் பையில் போட்டுவிடுவார்.

ஒரு தடவை கூழ் வாங்கும் கம்பெனியிலிருந்து தரம் பார்க்கும் ஆடிட்டுக்கு வந்தார்கள். பெரியவர் ஒருவர் அவர்களை டிரம் பக்கம் அழைத்துவந்து, "தம்பி, சாருக்கு வணக்கம் சொல்லு" என்றார். தம்பி கை கூப்பினார். "வாயால சொல்லு" என்றார் பெரியவர். தம்பி கூப்பிய கையை இறக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. அப்படியே சில விநாடி. பிறகு என் பக்கம் திரும்பி, காலையில், கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசரின் சூடு இறங்கிய நேரத்தில் நிரம்பிய டிரம்களைத் தனியாக ஒதுக்கிவைத்திருக்கிறேன், அதைச் சொல்லுங்கள் என்று சைகை செய்தார். சொன்னேன். ஆடிட்டருக்குத் திருப்தி. ஆனால் கேள்வி முழுக்க என் முகத்தைப் பார்த்தே கேட்டார். வேலை செய்தவர் பக்கத்தில் நிற்கிறார், பாராட்டு எனக்கு வருகிறது. ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போன அன்றும் இதேதான். வயிற்றுவலி அவருக்கு, டாக்டர் விசாரித்தது என்னை.

பழம் தரம் பிரிக்கும் பெல்ட்டில் இருக்கும் அக்கா கொஞ்சம் மூத்தவர். அவர் பள்ளியில் சைகை செய்தால் அடி. ஸ்கேலால் மணிக்கட்டில் விழுந்ததைத் தன் கையிலேயே தட்டிக் காட்டுவார். இதன் வேர் எங்கேயோ இருக்கிறது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு வழியாகவே கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. அந்த வழிமுறை உலகமெல்லாம் பரவியது. அதே மாநாட்டின் தொடர்ச்சியாக 2010இல் வான்கூவரில் கூடியவர்கள் அதற்கு வருத்தம் தெரிவித்தார்கள். நம் நாட்டில் இந்திய சைகை மொழிக்கென்று டெல்லியில் ஆராய்ச்சி, பயிற்சி மையம் வந்தது 2015இல். 2021இல் அவர்களுடைய அகராதி 10,000 சொற்களைத் தொட்டது. அக்கா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வகுப்பில் அடிவாங்கி, ஹாஸ்டலில் விளக்கு அணைவதற்குள் கற்றுக்கொண்ட மொழி அவருடையது.

சைகையால் எல்லாமே சுகம் என்றும் சொல்ல மாட்டேன். பழம் வெட்டும் பெண்கள் நாள் முழுக்க மாமியார், சீட்டுப்பணம், சீரியல் என்று பேசிக்கொண்டே வெட்டுவார்கள், கத்தி நிற்காது. கையில் கத்தி இருக்கும்போது அக்காவால் பேச முடியாது. அதனால்தான் கூலி ஒன்றாக இருந்தும் வெட்டும் பகுதி வேண்டாம் என்று பெல்ட்டுக்கு மாறிக்கொண்டார். இரவு ஷிப்டில் கரண்ட் போனால் எங்கள் பேச்சு இருட்டில் தொடரும், அவர்களுடையது பாதியில் அறுந்துவிடும். ஜெனரேட்டர் எடுப்பதற்குள் அக்கா போன் டார்ச்சைத் தாடையில் இடுக்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்துவிடுவார். அப்படி என்ன அவசரம் என்று எட்டிப் பார்த்தேன். மருமகளைப் பற்றிய புகார்.

நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். இலக்கணம் முகத்திலும் இருக்கிறது என்பது எனக்குப் புதிது. ஆமா, இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்விக்குப் புருவம் ஏற வேண்டும். என்ன, எங்கே என்ற கேள்விச் சொல் கடைசியில் வரும். மாஸ்க் பாதி முகத்தை மறைப்பதால் எங்கள் ஆலையில் புருவத்துக்கு இரட்டை வேலை. ஆளுக்கொரு சைகைப் பெயரும் வைப்பார்கள், கேட்டு வைப்பதில்லை. எனக்கு வைத்திருப்பது வயிற்றின் மேல் ஒரு அரைவட்டம். ஒடிசாவிலிருந்து வந்த பையன்களோடு இந்தி தெரியாமல் நாங்கள் தடுமாறிய சமயத்தில், முதல் நாளே அவர்கள் ஊர், கல்யாணம், சம்பளம் வரை விசாரித்து வைத்திருந்தவர் டிரம் தம்பிதான்.

டிரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ரிவர்ஸில் வரும்போது பீப் சத்தம் மட்டும்தான் இருந்தது. இப்போது சுழலும் சிவப்பு விளக்கும் உண்டு. அது மூவரும் கேட்டு வாங்கியது. இரைச்சலில் காது கேட்பவர்களுக்கும் அந்த பீப் சரியாகக் கேட்டதில்லை என்பது விளக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இந்த சீசனுக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் இன்னொரு ட்யூப்லைட் கேட்டிருக்கிறார்கள். மூலையில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் கை தெரியவில்லையாம். மெயின்டனன்ஸ்காரர் அடுத்த வாரம் என்கிறார். போன வாரமும் அதைத்தான் சொன்னார்.