இரண்டு ஜோடி க்ளவுஸ்: எச்.ஐ.வி பராமரிப்பை சிமுலேஷனில் பழக்குவது

ஒரே வயதுள்ள இரண்டு நோயாளிகள், ஒரே வேலை, இரண்டு கேஸ் ஷீட். செவிலியர் மாணவர்களுக்கு எச்.ஐ.வி பராமரிப்பைப் பழக்க ஒரே ஒரு சிமுலேஷன்தான் (நிஜ வார்டு போல அமைத்து நடத்தும் பயிற்சி) நடத்த முடியும் என்றால் இதைத்தான் நடத்தச் சொல்வேன்.

முதல் ஸ்டேஷனில் 28 வயது ஆண். பத்து நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி, மார்பில் லேசான தடிப்பு, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. ரத்த அணுக்கள் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும். இரண்டாவது ஸ்டேஷனில் அதே வயது, அதே பரிசோதனை. கேஸ் ஷீட்டில் மட்டும் ஒரு வரி கூடுதல்: "எச்.ஐ.வி தொற்று உள்ளது, 3 ஆண்டுகளாக ஏ.ஆர்.டி, வைரல் லோடு கண்டறிய இயலாத அளவு." (ஏ.ஆர்.டி என்பது எச்.ஐ.வி-யை அடக்கும் மருந்துச் சிகிச்சை, வைரல் லோடு என்பது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு.) பாதி மாணவர்கள் முதல் ஸ்டேஷனில் தொடங்கட்டும், மீதிப் பேர் இரண்டாவதில். இரண்டையும் வீடியோ எடுங்கள்.

வீடியோவில் பார்க்க வேண்டியது ஊசி போகும் இடத்தை அல்ல. க்ளவுஸ் எத்தனை ஜோடி, கட்டிலுக்கும் மாணவருக்கும் இடையே எவ்வளவு தூரம், டூர்னிகெட்டை (ரத்தம் எடுக்கும்போது கையில் இறுக்கிக் கட்டும் பட்டை) முழுக்கையால் கட்டினாரா அல்லது விரல்நுனியால் கட்டினாரா, ஊசியை எடுத்த பிறகு பஞ்சைத் தானே அழுத்தினாரா அல்லது "நீங்களே பிடிச்சுக்கோங்க" என்றாரா. பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவரின் கையும் அந்த ஒரு வரியைப் படித்ததும் மாறிவிடுவது உண்டு. அறிவு அவரிடம் இருக்கிறது, கைக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை. அதனால்தான் இதை வகுப்பில் சொல்லித் தீர்க்க முடிவதில்லை.

இரண்டாவது ஜோடி க்ளவுஸ் ஊசிக்குத்தை, அதாவது ஊசி தவறி நம் கையில் குத்துவதை, தடுக்காது. ஒரு ஜோடியே ஊசியின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் ரத்தத்தில் ஒரு பகுதியைத் துடைத்துவிடுகிறது, அது உண்மையான பயன். ஆனால் க்ளவுஸ் தடிமனாக ஆக, விரல் நுனியில் ரத்த நாளம் தட்டுப்படுவது குறைகிறது. முதல் குத்தில் ரத்தம் வராமல் போகலாம், மறுபடி குத்த வேண்டியிருக்கும். கூடுதலாகக் கையாளும் ஒவ்வொரு ஊசியும் கூடுதல் ஆபத்து.

எண்களையும் மாணவர் கையோடு வைத்திருக்க வேண்டும். சிகிச்சை பெறாத எச்.ஐ.வி நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி தோலைக் குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. கண், வாய் போன்ற சவ்வுகளில் பட்டால் 0.09 சதவீதம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு அது தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. எச்.ஐ.வி-க்குப் பயந்து இரண்டு க்ளவுஸ் போடுபவர், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்றாவது டோஸைப் போட்டுக்கொண்டாரா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி முதல் ஸ்டேஷனுக்குத் திரும்புவோம். காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு, நெறி: இவை சாதாரண வைரஸ் காய்ச்சலாகவும் இருக்கலாம், புதிதாகத் தொற்றிய எச்.ஐ.வி-யாகவும் இருக்கலாம். தொற்றிய முதல் சில வாரங்களில் ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டக்கூடும். ஆன்டிபாடியை (தொற்றை எதிர்த்து உடல் உருவாக்கும் புரதத்தை) மட்டும் பார்க்கும் பரிசோதனை அப்போது நெகட்டிவ் என்றே காட்டலாம். ஆக, மாணவர் நிம்மதியாக ஒரு ஜோடி க்ளவுஸுடன், சில சமயம் அதுவும் இல்லாமல், ரத்தம் எடுத்தாரே, அந்த முதல் நோயாளிதான் இருவரில் ஆபத்து கூடுதலானவராக இருந்திருக்கலாம். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் அடங்கியிருக்கும் இரண்டாமவர் அல்ல. எல்லா நோயாளிக்கும் ஒரே முன்னெச்சரிக்கை என்ற விதியின் காரணம் இதுதான். இதை டிப்ரீஃபிங்கில் (காட்சி முடிந்தபின் நடக்கும் கலந்துரையாடலில்) பயிற்றுநர் சொல்லக் கூடாது. இரண்டு வீடியோக்களையும் அடுத்தடுத்து ஓட்டிவிட்டு, "இவங்க ரெண்டு பேர்ல யார்கிட்ட நமக்கு ஆபத்து அதிகம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த மௌனம் எத்தனை நொடி நீண்டாலும் பரவாயில்லை.

இதற்கு மேனிகின் போதாது. பொம்மையை வைத்துச் செவிலியர் பயிற்சி தருவது 1911-இலிருந்தே இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் செவிலியர் பயிற்சிப் பள்ளிக்காகச் செய்யப்பட்ட 'மிஸஸ் சேஸ்' என்ற ஆளுயரப் பொம்மை அப்படித் தொடங்கியதுதான். ஆனால் பொம்மைக்கு முகம் சுருங்காது. ஒதுக்கப்படுவதை உணர்ந்து திருப்பிக் கேட்க ஒரு மனிதர் வேண்டும். 1963-இல் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் நோயாளி வேடத்துக்கு ஆள் பழக்கத் தொடங்கினார். அந்த முறையையும் பொம்மைக் கையையும் சேர்த்தால் நமக்கு வேண்டியது கிடைக்கிறது.

நடிகரின் முழங்கை மடிப்பில் ரத்தம் எடுக்கும் பயிற்சிப் பட்டையை (உள்ளே செயற்கை ரத்தம் ஓடும் குழாய் உள்ளது) கட்டுங்கள். பட்டையின் அடியில் ஊசி துளைக்க முடியாத கெட்டித் தகடு இருந்தே ஆக வேண்டும். தகடு இல்லாத மெத்தைப் பட்டையை ஆளின் மேல் கட்டவே கூடாது. தகடு இருந்தாலும் ஓரம் வழியாக ஊசி சறுக்கலாம், அதனால் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு மடித்த துணியை வைத்து அதன்மேல் சட்டைக் கையை இறக்கிவிடுங்கள். செயற்கை ரத்தத்துக்குத் தண்ணீரில் சிவப்பு உணவு நிறம் போதும். மாவு கலந்து கெட்டியாக்கினால் மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். ரத்தப் பை கையைவிடச் சற்று உயரத்தில் தொங்க வேண்டும். தாழ்ந்தால் ரத்தம் வராது, மாணவர் தன் தவறு என்று நினைத்துத் துழாவுவார். அதிகம் உயர்ந்தால் குத்திய துளையெல்லாம் கசியும். முடிந்ததும் குழாயை வெறும் தண்ணீரால் அலசி, காற்றை விட்டு உலர்த்தாவிட்டால் சில நாளில் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

நடிகருக்கு மூன்று குறிப்பு போதும். மாணவர் இரண்டாவது க்ளவுஸை எடுத்தால், "ஏன் சிஸ்டர், எனக்கு மட்டும் ரெண்டா?" என்று மெதுவாகக் கேட்க வேண்டும். சண்டை போடக் கூடாது, போட்டால் மாணவர் சண்டையைச் சமாளிக்கத்தான் கற்றுக்கொள்வார். மாணவர் இயல்பாகத் தொட்டால் தோளைத் தளர்த்த வேண்டும். மாணவர் கேட்டாலொழிய தொற்று எப்படி வந்தது என்று சொல்லக் கூடாது. கேட்டால், "அது எதுக்கு இப்போ வேணும்?" என்பதுதான் பதில். ரத்தம் எடுக்க அந்தத் தகவல் உண்மையிலேயே தேவையில்லை.

நடுவில் நோயாளியின் அண்ணனாக ஒருவர் உள்ளே வரட்டும். "சிஸ்டர், தம்பி தினம் ஒரு மாத்திரை போடுறானே, எதுக்கு அது?" பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "சத்து மாத்திரை." பொய் என்பதோடு அது முடிவதில்லை. சத்து மாத்திரைதானே என்று வீட்டில் யாராவது நிறுத்தச் சொல்லலாம். இன்னொன்று, நோயாளியின் முகத்தைப் பார்த்துத் தடுமாறி, "அது... டாக்டரைக் கேளுங்க." அந்தத் தடுமாற்றமே பாதியைச் சொல்லிவிடுகிறது. எல்லா நோயாளிகளின் உறவினருக்கும் ஒரே குரலில் சொல்லிப் பழக வேண்டிய வாக்கியம் இது: "யாரோட சிகிச்சை விவரத்தையும் நாங்க சொல்றதில்லைங்க. தம்பிகிட்டயே கேளுங்க." இதைப் பத்து முறை வாய்விட்டுச் சொன்னால்தான் நாக்கில் நிற்கும்.

ஊசிக்குத்துக் காட்சியைத் தனியாக நடத்துங்கள். உண்மையான குத்து கூடாது. ரத்தம் எடுத்த நொடியில் பயிற்றுநர் ஒரு சிவப்பு அட்டையைக் காட்டுகிறார்: "ஊசி உங்கள் இடது ஆள்காட்டி விரலில் குத்திவிட்டது." சுவரில் ஓடும் கடிகாரம் கட்டாயம் வேண்டும்.

முதலில் நோயாளி: டூர்னிகெட்டைத் தளர்த்தி, பஞ்சை அழுத்தி வைத்து, ஊசியை ஷார்ப்ஸ் பெட்டியில் (பயன்படுத்திய ஊசிகளுக்கான பெட்டி) போட வேண்டும். பயத்தில் டூர்னிகெட்டை அப்படியே விட்டு ஓடுவது வழக்கமான தவறு. பிறகு க்ளவுஸைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். விரலைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, ப்ளீச் ஊற்றக் கூடாது. பிதுக்குவதால் பயன் என்று நிரூபணமில்லை, ப்ளீச் திசுவைப் புண்ணாக்கும். கண்ணில் தெறித்திருந்தால் தண்ணீரோ சலைனோ விட்டுத் தாராளமாகக் கழுவ வேண்டும், சோப்பு கூடாது. உடனே பொறுப்பாளருக்குத் தகவல். நோயாளியின் ரத்தத்தை அவர் சம்மதத்துடன் பரிசோதிக்க வேண்டும். அதைக் கேட்கப் போவது குத்துப்பட்டவர் அல்ல, வேறொருவர். கை நடுங்க, "உங்களுக்கு எச்.ஐ.வி இருக்கா?" என்று வார்டு நடுவே கேட்பதை நிறுத்த இதைவிட எளிய வழி இல்லை.

தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் முடிவெடுத்தால் முதல் டோஸை முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்குவதில் பயனிருக்காது. பரவலாகத் தரப்படுவது டெனோஃபோவிர் 300 மி.கி, லாமிவுடின் 300 மி.கி, டோலுடெகிராவிர் 50 மி.கி மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று, 28 நாள். பரிசோதனை முடிவு வரட்டும் என்று முதல் டோஸைத் தள்ளிப்போடக் கூடாது. நோயாளிக்குத் தொற்று இல்லையென்று உறுதியானால் நிறுத்திக்கொள்ளலாம். குத்துப்பட்டவருக்கு அன்றே எச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி முக்கியமானதற்குக் காரணம், டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் அடக்குபவை. அது ஏற்கெனவே உள்ளவர் 28-ஆம் நாள் மாத்திரையை நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திரும்பக் கிளம்பலாம். நோயாளி ஏற்கெனவே ஏ.ஆர்.டி-யில் இருந்தும் வைரஸ் அடங்கவில்லையென்றால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம், அதை நிபுணரிடம் கேட்க வேண்டும்.

குமட்டல், தூக்கமின்மை காரணமாக இந்த 28 நாளைப் பாதியில் விடுபவர்கள் உண்டு. அதனால் ஊசிக்குத்துப் பயிற்சி கை கழுவுவதோடு முடியக் கூடாது. "இது பத்தாம் நாள்" என்று அறிவித்து, மாத்திரையை நிறுத்த நினைக்கும் சக செவிலியரிடம் பேசும் காட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து ஸ்டேஷன் சின்னதாக இருக்கட்டும். டோலுடெகிராவிர் சாப்பிடுபவர் அமில எரிச்சலுக்கு மக்னீசியம், அலுமினியம் உள்ள மருந்தை வாங்கிச் சாப்பிட்டால் இது உறிஞ்சப்படுவது குறையும். அந்த எரிச்சல் மருந்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டோலுடெகிராவிரை எடுக்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சேர்ந்தால் டோலுடெகிராவிர் 50 மி.கி காலை, மாலை என இரண்டு வேளை. "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். "போன வாரம் எத்தனை மாத்திரை விட்டுப்போச்சு?" என்று கேட்கப் பழக்குங்கள்.

தொடங்கும் முன் பயிற்றுநர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. அறையில் இருக்கும் மாணவர்களில் ஒருவருக்கே எச்.ஐ.வி இருக்கலாம், அல்லது அவர் வீட்டில் யாருக்காவது இருக்கலாம். "நமக்கெல்லாம் இல்லை, அவங்களுக்கு இருக்கு" என்ற தொனி உங்கள் பேச்சில் வந்தால் அவர் அன்று முழுவதும் வாய் திறக்க மாட்டார். வீடியோ எப்போது அழிக்கப்படும், யார் பார்ப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். ஒருவருடைய வீடியோவை அவர் அனுமதி இல்லாமல் எல்லோர் முன்னும் ஓட்டாதீர்கள். வெட்கப்பட்டவர் கற்றுக்கொள்வதில்லை, மறைக்கத்தான் பழகுவார். மறைக்கப் பழகியவர் நாளை ஊசிக்குத்தையும் மறைப்பார்.

நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: காட்சி 15 நிமிடம் என்றால் டிப்ரீஃபிங் 30 நிமிடம். அமெரிக்க மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய கவுன்சில் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை சிமுலேஷனுக்கு மாற்றியும் மாணவர்களின் தேர்ச்சி குறையவில்லை. அங்கே பயிற்றுநர்களும் டிப்ரீஃபிங்குக்கென்றே பயிற்சி பெற்றிருந்தார்கள். நேரமில்லை என்று டிப்ரீஃபிங்கை வெட்டிவிட்டு அந்த ஆய்வைக் காட்டுவது சரியல்ல.

மூன்று மாதம் கழித்து அதே இரண்டு கேஸ் ஷீட்டுகளை, நடிகர்களை மட்டும் இடம் மாற்றி, முன்னறிவிப்பு இல்லாமல் மறுபடி கொடுங்கள். அப்போது எண்ண வேண்டியவை நான்கு: இரு ஸ்டேஷனிலும் க்ளவுஸ் எத்தனை ஜோடி, உள்ளே வந்து நோயாளியைத் தொட எத்தனை நொடி, பஞ்சை யார் அழுத்தினார்கள், ரத்தம் சேகரித்த குழாயின் லேபிளில் இரண்டாமவருக்கு மட்டும் ஏதாவது கூடுதலாக எழுதப்பட்டிருக்கிறதா.